நீலம் இல்லாத கடற்கரை

பதுளை டவுனில், பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஏறும் பாதையில் ஒரு தளபாடக் கடை இருக்கிறது. அதன் இரண்டாம் மாடியில் ஐந்து அறைகள். ஐந்துக்கும் மூன்று சுவர்தான். நாலாவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் வாடிக்கையாளர்கள் நின்று வாய்பார்ப்பார்கள். ஒன்று காட்டு வீடு, ஒன்று பழைய பங்களா, ஒன்று பிள்ளைகள் அறை, இன்னொன்று என்னவென்று கடைக்காரர்களுக்கே சரியாகத் தெரியாத ‘மொடர்ன்’. ஐந்தாவது கடற்கரை அறை. ஜெனிற்றாவுக்கு அதில்தான் உயிர்.

அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம். காலையில் வந்து ஐந்து அறைகளுக்கும் தூசி தட்டுவாள், குஷன்களைக் குத்தி நிமிர்த்துவாள், வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லுவாள். கடலை அவள் பார்த்தது ஒரேயொரு தடவை. கோயில் சுற்றுலாவில் மட்டக்களப்புக்குப் போனபோது, அதுவும் பஸ் ஜன்னலால். ஆனாலும் கடற்கரை அறையைப் பற்றி அவள் பேச ஆரம்பித்தால் சும்மா மழைக்கு ஒதுங்கியவர்கள் கூட நின்று கேட்பார்கள்.

அந்த அறையில் கூரைக்குக் கீழே வெள்ளை வொயில் துணி அலையலையாகத் தொங்கும். நடுவே நீளமான ஒரு சாய்வுக் கட்டில், அதற்கு வெள்ளை விரிப்பு. கட்டிலின் தலைமாட்டில் இரண்டு பக்கமும் ஆளுயர விளக்குகள். சுவரில் பெரிய சட்டம் போட்ட படம், அதற்கு மேலே தனியாக ஒரு சின்ன பல்ப். கண்ணாடிச் சாடியில் பூ. பிறகு நீலம்: நீலக் குஷன், நீலக் கம்பளம், சுவரில் இடுப்பளவுக்கு ஒரு நீலப் பட்டை.

ஜெனிற்றாவுக்கு வீடு கிடைத்து எட்டு மாதம்தான் ஆகிறது. புதுமலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து அரை மைல் மேலே, தோட்டத்துப் பாதையோரமாக வரிசையாகக் கட்டிக் கொடுத்த தனி வீடுகளில் ஒன்று. முன்னறை, இரண்டு படுக்கை அறை, குசினி, பின்னால் குளியலறை. அவளும் புருஷன் யேசுரத்தினமும் அங்கே குடிவந்துவிட்டார்கள். வராதவள் அவளுடைய அம்மா பவுலினா. முப்பத்தைந்து வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள், இன்னமும் பழைய லயத்து ஒற்றையறைக் காம்பராவில் தனியாக இருந்தாள்.

"அம்மா, ஒங்களுக்குன்னு பின்னால ஒரு ரூமு இருக்கு. வாங்களேன்."

"பாக்கலாம்டி."

மாட்டேன் என்று சொன்னால் சண்டை போடலாம். பாக்கலாம் என்கிறவளோடு எப்படிச் சண்டை போடுவது? எட்டு மாதமாகப் பவுலினா பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

போன மாதம் அவளுக்குப் பிரஷர் ஏறி, தண்ணீர்ப் பீலியடியில் வாளியோடு விழுந்துவிட்டாள். பக்கத்துக் காம்பரா சவரியம்மா அன்றைக்குக் காய்ச்சல் என்று கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமல் இருந்ததால் தூக்கிக் கொண்டுவந்து படுக்கவைத்தாள். சவரியம்மாவுக்கு அன்றைக்குக் காய்ச்சல் வராமல் இருந்திருந்தால்? இந்தக் கேள்வி வந்த நாளிலிருந்து ஜெனிற்றாவுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவை எப்படியாவது மேலே கொண்டுவந்துவிட வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டும்.

அம்மா ஏன் வரமாட்டேன் என்கிறாள் என்பதற்கு அவளாகவே ஒரு காரணம் கண்டுபிடித்தாள். வீடு மொட்டையாக இருக்கிறது. சீமெந்துத் தரை, பூசாத சுவர், அண்ணாந்து பார்த்தால் தகரம். ஒருநாள் வந்து பார்த்த அம்மா, வாசலிலேயே நின்று தேத்தண்ணி குடித்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். யாருக்குத்தான் இங்கே உட்கார மனம் வரும்? வந்ததும் ‘அடி ஆத்தே’ என்று வாய் பிளக்கிற மாதிரி முன்னறையை ஆக்கிவிட்டால் அம்மா எப்படித் திரும்பிப் போவாள்?

கடையில் அறைகளை அலங்கரிக்கிற ஸல்மாவிடம் யோசனை கேட்டாள். ஸல்மா பதுளைக்காரி, ‘இருக்கிற’ என்பது அவள் வாயில் ‘ஈக்கிற’ என்றுதான் வரும், நறுக்குத் தெறித்த மாதிரிப் பேசுவாள்.

"ஈக்கிற மாதிரியே தூக்கிட்டுப் போகப் பாக்காதீங்க புள்ள. இந்தக் கட்டில்ல ஆரும் படுக்கிறேல்ல. உங்கட ஊட்ல ஆக்கள் ஈக்கிற. ஒங்களுக்குத் தோதானத மட்டும் எடுங்க."

"செஞ்சு பாக்குறேன் ஸல்மாக்கா. துணி வெட்டுத்துண்டுல எடுத்துக்கலாம். லைட்டுக்கு அவரு பைப்புல ஏதாவது பண்ணித் தருவாரு."

"அப்ப நீலத்த மட்டும் உட்டுடாதீங்க. நீலம் ஈந்தாத்தான் அது கடல்."

ஜெனிற்றா தலையாட்டினாள். ஆனால் நீலக் குஷன் துணி நல்லதாகக் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் பள்ளிக்கூடச் சட்டை நீலமாக இருந்தது. நீலத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அம்மாவுக்குக் கடல் தெரியப்போகிறதா என்ன?

ஹல்துமுல்லையில் இருக்கும் தன் தங்கச்சி வீட்டில் பேத்திக்குக் கோயிலில் முதல் நன்மை கொடுக்கிறார்கள் என்று பவுலினா ஒரு கிழமை தங்கப் போனாள். இதை விட்டால் வேறு சந்தர்ப்பம் கிடையாது. ஜெனிற்றா இரண்டு நாள் லீவு போட்டாள். யேசுரத்தினம் த்ரீவீலர் ஓட்டுகிறவன். அவனும் சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் ஹயருக்குப் போகவில்லை.

சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். தகரம் தெரியாதபடி குறுக்குச் சட்டங்களில் வெள்ளைத் துணியை அலையலையாகக் கட்டினார்கள். மிஞ்சிய துணியை வீணாக்குவானேன் என்று வாசல் தூண்கள் இரண்டிலும் சுற்றி நுனியைக் காற்றில் ஆடவிட்டாள். சாய்வுக் கட்டிலுக்கு எங்கே போவது? வீட்டில் கிடந்த நீள மர வாங்கை நடுவில் போட்டு, மேலே மெத்தை, அதற்குமேல் சலவை மடிப்புக் கலையாத வெள்ளை பெட்ஷீட். யேசுரத்தினம் பிவிசி குழாய் இரண்டை ஆளுயரத்துக்கு அறுத்து, சீமெந்து வாளியில் நட்டு, உச்சியில் பல்ப் மாட்டி வெள்ளைக் காகிதம் சுற்றினான். தலைமாட்டில் பக்கத்துக்கு ஒன்றாக நிற்க வைத்ததும், அவனே இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தான்.

"என்னமோ மாதிரி இருக்கு புள்ள."

"என்ன மாதிரி?"

"தெரியல. எங்கேயோ பாத்த மாதிரி."

"எங்க கடையிலதான் பாத்திருப்பீங்க," என்றாள் ஜெனிற்றா. அவனும் சரி என்று விட்டுவிட்டான்.

ஓடைக்கரையில் காடாக மண்டிக் கிடந்த வெள்ளை லில்லிகளை வெட்டிக்கொண்டு வந்து இரண்டு ஜாடிகளில் வைத்தாள். சுவரில் மாட்டுவதற்கு மட்டும் கடையில் இருப்பது போலக் கடல் படம் அவளிடம் இல்லை. அதற்குத்தான் அவள் நன்றாக யோசித்து வைத்திருந்தாள். பவுலினா ஓய்வு பெற்ற அன்றைக்குப் பட்டுச்சேலையோடு எடுத்த போட்டோவை டவுனில் பெரிதாக்கி, சட்டம் போட்டு வாங்கியிருந்தாள். வாங்குக்கு நேரே சுவரில் அதை மாட்டி, சின்ன பல்ப் ஒன்றையும் பொருத்தினாள். அம்மா உள்ளே வந்ததும் தன் முகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இது என் வீடு என்று அவளுக்கே தோன்ற வேண்டும்.

பெயின்ட் நாற்றம் போவதற்காகக் கொஞ்சம் சாம்பிராணியும் போட்டாள்.

மூன்றரை மணிக்கு யேசுரத்தினம் மாமியாரை ஏற்றிவர மெயின் ரோட்டுச் சந்திக்குப் போனான். ஜெனிற்றா விளக்குகளைப் போட்டுவிட்டு, காற்று வரட்டும் என்று முன்கதவை அகலத் திறந்து வைத்தாள். தலையெல்லாம் பெயின்ட். பின்னால் போய் பெயின்ட் வாளிகளையும் துணிகளையும் ஒரு மணி நேரம் கழுவிவிட்டுக் குளிக்கப் போனாள். ஷாம்பு கண்ணில் பட்டு இரண்டு கண்ணும் கோவைப்பழமாகச் சிவந்துவிட்டது. தேய்த்துத் தேய்த்துத் தலையை அலசிக்கொண்டிருந்தபோது முன்பக்கம் ஏதோ பேச்சுக்குரல் கேட்ட மாதிரி இருந்தது. பிறகு அழுகைச் சத்தம்.

ஈரத் தலையை விரித்துப் போட்டபடியே ஓடிவந்தாள். முற்றம் நிறைய ஆட்கள். கொழுந்து நிறுத்துவிட்டு அப்படியே வந்த பெண்கள் ஒரு பக்கம், கைகட்டி நின்ற ஆண்கள் ஒரு பக்கம். மரண உதவிச் சங்கத்துப் பெரிய தேத்தண்ணிக் கேத்திலை இரண்டு பேர் கம்பில் கோத்துத் தூக்கி வந்து இறக்கினார்கள். சவரியம்மா கையில் செபமாலை. ஜெனிற்றாவைக் கண்டதும் அவள் தாவி வந்து கட்டிக்கொண்டாள்.

"போயிட்டாளேடி மகளே! ஒரு வார்த்த சொல்லாம போயிட்டாளே, மகராசி!"

ஜெனிற்றாவுக்குத் தோன்றியது ஒரே ஆள். அம்மா. வரும் வழியில் பஸ்ஸில் ஏதோ ஆகிவிட்டது. பிரஷர் ஏறியிருக்கும். செய்தி தனக்கு முன்னால் தோட்டத்துக்கு வந்துவிட்டது. யாரும் தன்னிடம் சொல்லவில்லை, குளித்துக்கொண்டிருந்தேனே பாவி, என்று நினைத்தாள். எங்கே, எப்படி என்று கூடக் கேட்கவில்லை. சவரியம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்து, பெருங்குரலெடுத்து அழுதாள். மகளே அழுதுவிட்ட பிறகு மற்றவர்களுக்கு என்ன சந்தேகம்? மீதி இருந்தவர்களும் அழ ஆரம்பித்தார்கள்.

அழுகைக்கு நடுவிலும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது ஒன்றுதான். இரண்டு நாளாக இடுப்பொடியச் செய்த அறை திறந்து கிடக்கிறது. அதில் அம்மா ஒரு நிமிஷம் கூட உட்காரவில்லை. எட்டு மாதம் வாங்க வாங்க என்று கூப்பிட்டதற்குப் பதிலாக, ஏன் வரமாட்டேன் என்கிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

அப்போது மேட்டில் ஏறி வந்த த்ரீவீலர், கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் பாதையிலேயே நின்றது. யேசுரத்தினம் வாயைத் திறந்தபடி இறங்கினான். பின்னாலிருந்து, ஒரு கையில் சேலை முந்தானையும் மறு கையில் வட்டிலப்ப இனிப்புச் சட்டியுமாகப் பவுலினா இறங்கினாள். கூட்டத்தைப் பார்த்ததும் அவளுக்கும் முகம் வாடிவிட்டது. சட்டியைச் சீட்டில் வைத்துவிட்டு விறுவிறு என்று வந்தாள்.

"ஏன்டி சவரி, யாரு போயிட்டா?"

ஒப்பாரி பாதியில் நின்றது. சவரியம்மா திறந்த வாயை மூடவில்லை.

"நீதான்டி!" என்றாள் கடைசியில்.

ஜெனிற்றா அம்மாவைப் பார்த்தாள், சவரியம்மாவைப் பார்த்தாள், மறுபடி அம்மாவைப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய் அவள் கையை, தோளை, கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பவுலினாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்னா இது? நான் எங்கடி போனேன்? ஹல்துமுல்லைக்குத்தானே போனேன்?"

சவரியம்மாவுக்கு இப்போது கோபம் வந்துவிட்டது. அழுத கண்ணீர் வீணாய்ப் போனால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும்.

"நீ வந்துட்டியான்னு பாத்துட்டுப் போவம்னு வந்தேன். கதவு தொறந்து கெடக்கு. எட்டிப் பாத்தா, மேல வெள்ள கட்டிருக்கு. நடுவுல படுக்க போட்டிருக்கு. தலமாட்டுல ரெண்டு வெளக்கு. பூவு. சாம்பிராணி. செவுத்துல ஒன் போட்டோ, அதுக்கு லைட்டு வேற! தூணுலயெல்லாம் வெள்ளக் கொடி! நான் வேற என்னான்னு நெனைக்கிறது? பொட்டிதான் இன்னும் வரலன்னு நெனச்சேன். ஓடிப்போயி எல்லா லயத்துலயும் சொல்லிப்புட்டேன்."

எல்லாரும் ஜெனிற்றாவைப் பார்த்தார்கள். அவள் திரும்பி முன்னறையைப் பார்த்தாள். இரண்டு நாளும் கடைக்காரியின் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போதுதான் தோட்டத்துக்காரியின் கண்ணால் பார்த்தாள். ஒரு பிரேதம் மட்டும்தான் குறை.

"அது... கடற்கரைங்க பெரியம்மா," என்றாள் மெதுவாக.

"கடற்கரையா? எந்தக் கடற்கரையிலடி சாம்பிராணி போடுறாங்க?"

முதலில் சிரித்தது பவுலினாதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, த்ரீவீலரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். பிறகு முற்றமே சிரித்தது. யேசுரத்தினம், "நான் அப்பவே சொன்னேன், எங்கேயோ பாத்த மாதிரி இருக்குன்னு," என்று ஒவ்வொருவரிடமாகப் போய்ச் சொன்னான். சங்கத்துக் கேத்திலைத் தூக்கி வந்தவர்கள், வந்தது வந்துவிட்டது, தேத்தண்ணி ஊற்றாமல் திரும்பிப் போவதில்லை என்று முற்றத்திலேயே அடுப்பு மூட்டினார்கள். வட்டிலப்பம் ஆளுக்கொரு கரண்டி கூட வரவில்லை.

பவுலினா தேத்தண்ணியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"கீழ் லயத்துலருந்துமா வந்தீங்க? நீ யாரு, அந்தோணி மகனா? ஒங்க வீட்டோட நான் பேசி ரெண்டு வருசமாச்சேடா."

"செத்ததுக்கு அப்புறம் என்னாங்க கோவம்," என்றான் அவன். மறுபடியும் சிரிப்பு.

ஆட்கள் கொஞ்சம் கலைந்த பிறகு பவுலினா உள்ளே வந்தாள். துணியை, விளக்கை, பூவை, தன் போட்டோவை எல்லாம் பார்த்தாள். பிறகு அந்த வெள்ளை விரிப்பிலேயே உட்கார்ந்தாள். ஜெனிற்றா கீழே, அவள் காலடியில் உட்கார்ந்தாள்.

"இதெல்லாம் எனக்காகவாடி செஞ்ச?"

"ஆமாம்மா. வீடு மொட்டையா இருக்குன்னுதான் நீங்க வரலன்னு நெனச்சேன்." அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. "நீங்க செத்துட்டீங்கன்னு நான் நம்பிட்டேன்மா. அந்த நேரத்துல எனக்கு இந்த வீடும் வேணாம், ஒண்ணும் வேணாம்னு ஆகிருச்சு. சொல்லுங்கம்மா. ஏன் வரமாட்டேங்குறீங்க?"

பவுலினா வெள்ளை விரிப்பின் மடிப்பைக் கையால் நீவினாள்.

"பயம்டி," என்றாள். "பகலெல்லாம் நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருவீங்க. பின்னால அந்த ரூமுல கதவச் சாத்திட்டுக் கெடந்தா நான் இருக்கேனா இல்லியான்னு யாருக்குத் தெரியும்? லயத்துல நான் ரெண்டு தரம் இருமுனா செவுத்துக்கு அந்தப் பக்கமிருந்து சவரி என்னாங்குறா. இங்க இருமுனா எனக்கு மட்டுந்தான் கேக்கும். ஒங்கிட்ட சொன்னா நீ வேலைய விட்டுட்டு நிப்ப. அதான் சொல்லல."

எட்டு மாதத்தில் அம்மா தரையைப் பற்றியோ தகரத்தைப் பற்றியோ ஒரு சொல் சொன்னதில்லை என்பது ஜெனிற்றாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளாகவே கேள்வி, அவளாகவே பதில். நடுவில் இரண்டு நாள் பெயின்ட் வேறு.

பவுலினா எழுந்து ஜன்னலைத் திறந்தாள். கையை நீட்டினால் தொடலாம் போலத் தோட்டத்துப் பாதை. மலைக்குப் போகிறவர்களும், கொழுந்து நிறுக்கப் போகிறவர்களும், டவுன் பஸ்ஸுக்கு இறங்குகிறவர்களும் அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

"இந்த எடத்துல கட்டில் போட்டுத் தருவியா? ஜன்னலோரமா?"

ஜெனிற்றாவுக்கு மனமில்லை. பொய் சொல்வானேன்? இப்படி ஒரு முன்னறையை அவள் மூன்று வருஷமாகக் கனவில் அலங்கரித்து வந்தவள்.

"முன்னறையில கட்டில் போட்டா வர்றவங்க எங்கம்மா உக்கார்றது?"

"கட்டில்லதான்."

ஜெனிற்றா ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, மேலே கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவிழ்க்க ஆரம்பித்தாள். வாசலில் நின்ற சவரியம்மா, "அப்பாடா," என்று உள்ளே வந்து மறு நுனியைப் பிடித்துக்கொண்டாள். தூண் துணியை யேசுரத்தினம் அவிழ்த்தான். போட்டோவை மட்டும் பவுலினா கழற்ற விடவில்லை. பல்ப்பை மட்டும் அணைக்கச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் லயத்திலிருந்து அவளுடைய கட்டில், பெட்டி, மாத்திரைப் பை, நாலு கோழி எல்லாம் த்ரீவீலரில் மூன்று நடையாக மேலே வந்து சேர்ந்தன.

திங்கட்கிழமை காலையில் ஜெனிற்றா குசினியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். வெளியே இன்னும் பனி விலகவில்லை. தோட்டத்து ஆட்கள் பெரட்டுக்களத்துக்குப் போகிற நேரம். அங்கே கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு வந்தவர்களைக் குறித்துக்கொள்வார். பவுலினாவின் பேரை அங்கே கூப்பிட்டு ஏழு வருஷம் ஆகிறது.

ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல் கேட்டது.

"பவுலினாக்கா! இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றாள் பவுலினா படுக்கையிலிருந்தே.

குரலில் சிரிப்பு இருந்தது. கேலிதான். சனிக்கிழமைச் சாவு தோட்டம் பூராவும் பேச்சாகிவிட்டது, இனி ஒரு மாதத்துக்கு விடமாட்டார்கள். பின்னாலேயே அடுத்த குரல்.

"பெரியம்மா, இருக்கீங்களா?"

"இருக்கேன்டா."

"அக்கா?"

"இருக்கேன்டி, இருக்கேன். பாத்துப் போ, வழுக்கும்."

ஆள் மாறி ஆள் கேட்டுக்கொண்டே போனார்கள். ஜெனிற்றா கரண்டியைக் கையில் பிடித்தபடி குசினி வாசலுக்கு வந்து நின்றாள். கல்லில் ரொட்டி கருகுகிற வாசனை வந்தது. கருகட்டும் என்று விட்டுவிட்டு, கடைசி ஆளும் கேட்டு, கடைசி ஆளுக்கும் அம்மா பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.